கோட்டைக்கு எதிரே ஒரு கோட்டை

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையைச் சுற்றிவிட்டு, சீகன்பால்கு சிலைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் பூம்புகாருக்குக் கிளம்பிவிடுவார்கள். கல்லூரித் தோழிகள் மூவர் மயிலாடுதுறையில் என் வீட்டுக்கு வந்தபோது அந்த ஓட்டம் வேண்டாமென்று முன்பே சொல்லிவிட்டேன். காலை முழுக்கக் கடற்கரை; மணலில் கோட்டை கட்டுகிறோம். “அம்பது வயசுக்கு மேல இது தேவையாடி?” என்றாள் மஸ்கட்காரி. வண்டியில் முதலில் ஏறியதும் அவள்தான்.

டான்ஸ்பார்க் கோட்டைக்கு எதிரேயே இடம் பிடித்தோம். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இசைவு வாங்கி டேனியர்கள் 1620-இல் எழுப்பத் தொடங்கியது. 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். மாதிரிக்கு வேறு எங்கே போவது?

சண்டை மணலிலேயே தொடங்கியது. எங்களில் ஒருத்தி சிவில் இன்ஜினியர். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2012-இல் இதையே ஆராய்ந்திருக்கிறார்களாம்: மணலின் கன அளவில் ஏறக்குறைய 1 சதவீதம் தண்ணீர் போதும், அப்போதுதான் பிடிப்பு அதிகம். நாகர்கோவில்காரி காதில் வாங்காமல் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கினாள். “புட்டு மாவு பதம்டி. பிடிச்சா நிக்கணும், தட்டினா உதிரணும்.” இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான். மணல் மணிகளுக்கு இடையே துளித் துளியாய் நிற்கும் நீர்தான் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. காய்ந்தால் அந்தப் பிடிப்பு போச்சு, தண்ணீர் மிஞ்சினாலும் போச்சு.

அடியை அறுத்த பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, மணலும் தண்ணீருமாக அடுக்கடுக்காகப் போட்டு, உள்ளங்கையால் குத்தி இறுக்கினோம். வாளியை மேலே உருவியதும் தூண் நின்றது. செதுக்குவது உச்சியிலிருந்து கீழே. அடியில் ஆரம்பித்தால் மேலே சீவுகிற மணலெல்லாம் முடித்த வேலைமேல் விழும். ஒரு பழைய ஏடிஎம் அட்டை, மேசைக்கரண்டி, ஸ்ட்ரா. அட்டையால் சுவரைச் சீவும்போது மணலுக்குள் கறுப்பும் செம்மையுமாக இழைகள் தெரிந்தன, இல்மனைட்டும் கார்னெட்டும். ஜன்னல் குழிக்குள் உதிர்ந்ததை ஸ்ட்ராவால் ஊதி வெளியேற்ற வேண்டும். விரலை விட்டால் ஜன்னலே வாசலாகிவிடும். சலூனில் தலைக்குப் பீய்ச்சுகிற பாட்டிலால் ஒருத்தி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். அந்தக் காற்றுக்கு அது ஓய்வில்லாத உத்தியோகம்.

முந்தின இரவு சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்தபோது கொலஸ்ட்ரால், பிள்ளைகளின் வேலை என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. இங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொத்தளத்தைச் சீவிக்கொண்டே மஸ்கட்காரி, ஊருக்கே திரும்பிவிடப் போவதாகச் சொன்னாள், தனியாக. எல்லோர் கையும் நின்றது. “எப்போ?” என்றேன். “இந்தப் பக்கம் கொஞ்சம் தண்ணி அடி” என்றாள். அடித்தேன். அப்புறம் அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். அது இங்கே எழுதுவதற்கில்லை.

இன்ஜினியருக்கு நடுவில் கோயில்மேல் கண் போய்விட்டது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. மிச்சத்தைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். போன மண்டபத்தையாவது மணலில் கட்டலாம் என்றாள். பாண்டியர் காலத்துத் தூணை ஸ்ட்ராவால் ஊதிச் செய்ய எங்களால் ஆகாது என்று தோற்கடித்தோம். பூரி கடற்கரையில் மணற்சிற்பி சுதர்சன் பட்நாயக் செய்கிறார் என்றாள். அவருக்கு 2014-இல் பத்மஸ்ரீ கொடுத்ததே அதற்காகத்தானே!

மீனவர் தெருப் பையன்கள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். “பீரங்கி எங்கக்கா?” என்றான் ஒருவன். நியாயம்; நிஜக் கோட்டையில் இருக்கிறது. ஐஸ் குச்சிகள் பீரங்கிகளாயின. இன்னொருவன் வாளியை எடுத்து அடுத்த தூணுக்குத் தயாரானான். இன்ஜினியர் அவனிடம் 1 சதவீதக் கணக்கை விளக்கத் தொடங்கினாள். அவன் ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கினான், தட்டினான், உதறினான்.

“இன்னும் தண்ணி வேணும்க்கா.”