ஒரு பண்டலும் 390 ரூபாயும்



2025 தீபாவளிக்கு முன்னால் நடந்தது இது. காதர்பேட்டையில் ஒரு கடையில் பில் போடும் பெண் என்னிடம் படித்தவள். ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வந்தாள். "பில்லுல 390 ரூபா கூட இருக்குதுன்னு வெளியூர் வியாபாரி போன்ல சத்தம் போட்டாருங்க சார். மொதலாளி என்னைத் திருடின்னு நினைச்சுட்டாருங்க. நாளைக்கு வர வேண்டாம்னுட்டாரு" என்று அழுதாள்.

புரோகிராம் எழுதியவனும் என் மாணவன்தான். கூப்பிட்டேன். "டெஸ்ட் பண்ணித்தானுங்க சார் கொடுத்தேன்" என்றான். 200 ரூபாய் டி-சர்ட் ஒன்று, 3000 ரூபாய் ஜாக்கெட் ஒன்று போட்டுப் பார்த்தானாம். இரண்டும் சரியாக வந்ததாம்.

துணிக்கு ஜிஎஸ்டி ஒரு பீஸின் விலையைப் பொறுத்தது. முன்பு 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. 2025 செப்டம்பர் 22 முதல் 2500 வரை 5, அதற்கு மேல் 18. அந்த மாற்றத்தைப் போட்ட கையோடு, பண்டலாகப் பில் போடும் வசதியையும் சேர்த்திருக்கிறான்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, "கம்ப்யூட்டரைத் தொடாதே, முதலில் விடையைக் கையால் போடு" என்றேன். காரணம் உண்டு. ஒரு அரையாண்டுத் தேர்வில் என் விடைக்குறிப்பே தப்பு. சரியாக எழுதிய பையனுக்கு சுழி போட்டேன். அவன் முகம் இன்னும் மறக்கவில்லை. புரோகிராம் சொல்லும் விடையையே சரியான விடை என்று எழுதிக்கொண்டால், அதற்குப் பெயர் சோதனை அல்ல.

எழுதினோம்: 2499, 2500, 2501. தப்பு ஒளிவது எல்லையில்தான். 2600 ரூபாய் சட்டைக்கு 200 தள்ளுபடி. ரிட்டர்ன் வந்த பீஸ். கடைசியாக, பீஸ் 250 வீதம் 12 பீஸ் கொண்ட ஒரு பண்டல். வரி 150 வர வேண்டும்.

540 வந்தது!

பண்டலையே 3000 ரூபாய் பீஸாக எடுத்துக்கொண்டு 18 சதவீதம் போட்டிருக்கிறது. வித்தியாசம் அதே 390. பீஸ் 150 என்றால் பண்டல் 1800தான், தப்பு வெளியே தெரியாது. அதனால்தான் எப்போதாவது வந்து, பழி அவள் தலையில் விழுந்தது.

திருத்தியதும் அந்தக் கணக்குகளைப் பைடெஸ்ட் என்ற இலவசக் கருவியில் எழுதி வைக்கச் சொன்னேன். இனி ஒரு வரி மாற்றினாலும் எல்லாவற்றையும் நொடியில் ஓட்டிப் பார்த்துவிடலாம். ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு ஜேயூனிட் இருக்கிறது. ஒருமுறை பிடிபட்ட தப்பை அப்படியே ஒரு டெஸ்டாக எழுதி வைத்தால், அது மறுபடி வந்தாலும் உடனே மாட்டிக்கொள்ளும். நம்மூர் கம்பெனிகளில் கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டத்திலும் செக்கிங் வைப்பதில்லையா, அதுபோலத்தான்.

மறுநாள் அவனே அந்தத் தாளோடு மொதலாளியிடம் போய்த் தப்பு தன்னுடையது என்று சொன்னான். அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "காலையில நேரத்துல வந்துரு கண்ணு" என்று அவளுக்குப் போன் செய்தாராம்.

கோடு எழுதும் என் பிள்ளைகளே, உங்கள் புரோகிராமுக்கு முன்னால் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளை நினைத்து இன்னும் நாலு கணக்கு போட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்