வலது மூலையிலிருந்து ஓர் எறி

அன்புள்ள சித்தப்பா,

போன வாரம் பேசும்போது, "ஆட்டக்காரர் ஒருவருடைய பெயரைப் பாலத்துக்கே வைத்திருக்கிறார்கள் என்றாயே, யாரப்பா அவர்?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால்தான் இந்த மடல்.

பிட்ஸ்பர்க்கில் உள்ள அந்த மஞ்சள் பாலத்தில் நேற்று மாலை நடந்துதான் போனேன். ஆட்டம் உள்ள நாளில் அதில் கார் விடமாட்டார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக அலெகெனி ஆற்றைக் கடந்து பேஸ்பால் மைதானத்துக்குப் போவார்கள். பலருடைய சட்டை முதுகில் 21 என்ற எண் இருக்கும். மைதானத்தின் வலதுபக்க மதிலின் உயரமும் 21 அடி. அந்த எண்ணுக்கும் பாலத்தின் பெயருக்கும் சொந்தக்காரர் ரொபெர்த்தோ கிளெமெந்தே.

புவெர்த்தோ ரிக்கோ தீவில் கரோலினா என்ற ஊரில் 1934-இல் பிறந்தவர். அப்பா கரும்புத் தோட்டத்தில் மேஸ்திரி. வீட்டில் இவர்தான் கடைக்குட்டி. பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிவதில் கெட்டிக்காரர். தோளின் வலு அங்கேயே தெரிந்துவிட்டது. 1954-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 10,000 டாலர் ஊக்கத்தொகை கொடுத்து எடுத்து, மொன்ட்ரியாலில் இருந்த தன் கிளை அணிக்கு அனுப்பியது. அங்கே பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். கிளை அணியில் விட்டுவைத்த இளைஞரை வேறொரு அணி கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. அந்த வருடம் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், அந்த விதியைப் பிடித்துக்கொண்டு 4,000 டாலருக்கு இவரை வாங்கிவிட்டது. 1955-இலிருந்து 18 பருவங்கள், கடைசிவரை இந்த ஒரே அணிக்குத்தான் ஆடினார்.

பேஸ்பாலில் ரைட் ஃபீல்டர் என்பவர் வலதுபக்க எல்லையோரம் நிற்பவர். நீங்கள் பவுண்டரி ஓரம் நின்று, கீப்பர் கைக்குக் குறி தவறாமல் எறிவீர்களே, அந்த வேலைதான். ஆனால் அவர் எறிய வேண்டிய தேர்ட் பேஸ், அதாவது ஓடுபவர் தொட வேண்டிய மூன்றாவது நிலை, மைதானத்தின் நேர் எதிர்ப்புறத்தில் இருக்கிறது. இருப்பதிலேயே நீளமான எறி அது. அதனால்தான் வலுத்த கைக்காரரை அங்கே நிறுத்துவார்கள். எறிந்து மட்டும் அவர் 266 பேர் அவுட்டாகக் காரணமாக இருந்திருக்கிறார். பந்து பிடிப்பதில் சிறந்தவருக்குத் தரும் தங்கக் கையுறை விருதை 1961-இலிருந்து 1972 வரை ஒரு வருடம்கூட விடாமல் 12 முறை வாங்கினார். மட்டையிலும் சளைத்தவரில்லை. லீக்கில் சராசரியில் முதலிடம் நான்கு முறை.

ஆனால் என்னை ஆட்டிவைப்பது அவருடைய பெயர். இங்கே பல வருடங்கள் அவரை 'பாப்' என்றே அச்சடித்தார்கள். ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகளில்கூட பாப் கிளெமெந்தேதான். என் பெயர் ரொபெர்த்தோ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பேசிய ஆங்கிலத்தை, உச்சரிப்பைக் காட்டுகிறோம் என்று எழுத்தைக் கோணலாக்கிப் பத்திரிகைகளில் போட்டார்கள். ஸ்பானிய மொழியில் நாவன்மை உள்ளவரைப் படிக்காதவர்போல் காட்டிய கொடுமை அது. ஃபுளோரிடாவில் பயிற்சி முகாம் நடக்கும்போது, வெள்ளை வீரர்கள் ஓட்டலுக்குள் போய்ச் சாப்பிட, கறுப்பு நிறத்தவர்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை, எதிர்த்துப் பேசினார்.

அவர்கள் ஊர் வழக்கப்படி அப்பா வழிப் பெயர் முன்னால், அம்மா வழிப் பெயர் பின்னால். முழுப்பெயர் ரொபெர்த்தோ கிளெமெந்தே வாக்கர். பேஸ்பாலின் மிகப் பெரிய மரியாதையான ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு வைத்த வெண்கலப் பலகையிலேயே அந்த வரிசை மாறிப்போயிருந்தது. திருத்தியது 2000-இல், அவர் இறந்து 27 வருடங்களுக்குப் பிறகு. இதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை. என் இனிஷியலை விரித்து எழுதப்போய், இங்கே எல்லா இடத்திலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா எனக்குப் பின்னால் வந்து நிற்கிறாரோ என்று ஒரு கணம் திரும்பத் தோன்றும்.

பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர், 1971-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். பால்டிமோருக்கு எதிராக ஏழு ஆட்டங்கள். ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 2-2 என்று சமநிலை. பால்டிமோர் ஆள் ஒருவர் முதல் பேஸில். இன்னொருவர் அடித்த பந்து வலதுபக்க மூலைக்கு ஓடுகிறது. பந்து மூலைக்குப் போனால் முதல் பேஸில் நிற்பவர் சுற்றி ஓடி ஹோம் பிளேட்டுக்கு வந்து ஓட்டம் எடுத்துவிடலாம். ஆட்டமும் அதோடு முடிந்துவிடும். கிளெமெந்தே மதிலோரம் ஓடி, பந்தை எடுத்து, உடம்பைச் சுழற்றி விட்டெறிந்தார். அத்தனை தூரத்திலிருந்து வந்த பந்து தரையில் ஒரே ஒரு குத்துக் குத்தி, ஹோம் பிளேட்டில் நின்ற கேட்சர் மானி சாங்கியென் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடி வந்தவர் தேர்ட் பேஸிலேயே நின்றுவிட்டார்.

யாரும் அவுட் இல்லை. ஆகவே புள்ளிவிவரம் எதிலும் அந்த எறி ஏறவில்லை. அடுத்த இன்னிங்ஸில் பைரேட்ஸ் தோற்றும் போனது. ஆனாலும் பழைய ஆட்கள் கதை சொல்ல உட்கார்ந்தால் இந்த எறிக்கு வராமல் போகமாட்டார்கள். எனக்கும், மட்டையால் அடித்து பேஸ் சேர்ந்த அவருடைய 3,000 ஹிட்டுகளைவிட இதுவே பெரிது.

ஏழாவது ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்தார். 2-1 என்று வெற்றி. தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். நாடே பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியில் மைக்கை நீட்டியபோது, ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன்னால் தாய்மொழியில் பேச அனுமதி கேட்டார். ஸ்பானிய மொழியில் தன் பிள்ளைகளுக்கு ஆசி சொல்லி, தாய் தகப்பனிடம் தனக்கு ஆசி கேட்டார். அந்தப் பதிவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

மறுவருடம் செப்டம்பர் 30 அன்று 3,000-ஆவது ஹிட். லீக் ஆட்டங்களில் அதுவே கடைசியாகிவிட்டது. டிசம்பர் 23 அன்று நிகரகுவாவின் மனாகுவா நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. சில வாரங்களுக்கு முன்புதான் தன் நாட்டு அமெச்சூர் அணியைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் வந்திருந்தார். தன் தீவில் வீடு வீடாக உதவி கேட்டு, பொருள் சேர்த்து அனுப்பினார். அவையெல்லாம் அங்கே ஆட்சியாளரின் படையினர் கையில் சிக்கிக்கொள்கின்றன என்று செய்தி வந்தது. நானே கூடப் போனால் திருடமாட்டார்கள் என்று கிளம்பிவிட்டார். டிசம்பர் 31 இரவு. பழுதான பழைய விமானம், அளவுக்கு மீறிய பாரம். சான் ஹுவானில் புறப்பட்ட சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. ஐந்து பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 38.

பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர்கள் எல்லாரும் அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்தார்கள். சாங்கியென் மட்டும் வரவில்லை. அவர் முக்குளிப்பவர்களோடு சேர்ந்து கடலில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார். கிளெமெந்தேயின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

1973 ஏப்ரலில் ஆட்டங்கள் தொடங்கியபோது, ரைட் ஃபீல்டில் கிளெமெந்தே நின்ற இடத்தில் அணி சாங்கியெனைத்தான் நிறுத்தியது. ஜூன் மாதத்தில் அவர் மறுபடியும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.