மேரி கட்டடத்து வாசலில் எங்கப்பாவின் செருப்பு

ரமணாசிரமப் பகுதியில் குடியிருக்கிற எங்களுக்கு வெறுங்கால் என்பது தினம் பார்க்கிற காட்சி. கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும் வெள்ளைக்காரர்கள் செங்கம் ரோட்டில் செருப்பில்லாமல் நடப்பார்கள். பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றிவந்து, கொப்புளம் கண்ட பாதத்தைத் தடவிக்கொண்டே சிரிப்பார்கள். அவர்களுக்கு அது பக்தி. எங்கப்பா அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "இவனுங்க ஆசைக்கு கயட்டிட்டு நடக்கறானுங்க. நம்மள யாரு கேட்டுட்டு கயட்டச் சொன்னாங்க?"

எங்கப்பா வேறொரு ஊர் நகராட்சியில் முப்பத்தோரு வருஷம் துப்புரவு வேலை பார்த்தவர். ஊர்ப்பேர் வேண்டாம். எல்லா ஊரும் ஒரே ஊர்தான். நகராட்சிக் கட்டடத்தைச் சுற்றி இருந்த சாக்கடை அத்தனையும் அவர் கைபட்டது. ஆனால் முன்வாசல் வழியாக அவர் உள்ளே போனதில்லை. சம்பளம் பின்பக்கத்து ஜன்னலில். கையெழுத்தும் அங்கேயேதான். மன்றக் கூடத்தில் இருந்த நாற்காலி என்ன நிறம் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஓய்வு பெற்றபின் எங்களோடு வந்துவிட்டார்.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு மாடியில் ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவர் தங்கியிருந்தார். ஒரு சாயங்காலம் தன் ஊர் நகரமன்றத்தின் படத்தைக் காட்டினார். பழைய ஊரின் நடுவில் கல் கட்டடம். அவர்கள் நாட்டில் அதை 'மேரி' என்கிறார்கள். பிள்ளை பிறந்தால் அங்கேதான் பதிய வேண்டும், கல்யாணமும் சட்டப்படி அங்கேதான் நடக்க வேண்டும், சாவுக்கும் அங்கேதான் போக வேண்டும். வாசலில் மூன்று வார்த்தை: சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். நான் தமிழில் சொல்லச் சொல்ல எங்கப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம பக்கம் அப்பிடி ஒண்ணு கீதா?" என்றார். "பாண்டிச்சேரியில கீது நைனா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். செஞ்சி, திண்டிவனம், பாண்டி. கடற்கரைச் சாலையில் வெள்ளையாக நின்றது மேரி கட்டடம். 1870-71இல் பிரெஞ்சுக்காரன் கட்டியது. ஆனால் நாங்கள் பார்த்தது அதே கட்டடம் அல்ல. பழையது 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்துவிட்டது. உலக வங்கிக் கடனில் ஏறக்குறைய பதினைந்து கோடி ரூபாய் செலவில், பழைய அமைப்பு மாறாமல் மறுபடி கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். சாக்கடையில் இறங்குகிறவனுக்கு ஒரு ஜோடி பூட்சு வாங்கத் தணிக்கைக்காரன் ஆயிரம் கேள்வி கேட்பான் என்று எங்கப்பா சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

ஞாயிறு என்பதால் கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் போய் நின்றோம். திரும்பிப் பார்க்கிறேன், எங்கப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிற்கிறார். யாரும் சொல்லவில்லை. காவலாளிகூட அந்தப் பக்கம் இல்லை. காலே தானாகக் கழற்றிவிட்டது.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. அங்கேயே உட்காரவைத்து அவருக்கு ஒரு கதை சொன்னேன். கதை இல்லை, நடந்தது. 1873இல் இதே ஊரில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் வெள்ளைக்காரனைப்போல பூட்சு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். இந்தியன் பூட்சோடு வரலாமா என்று நீதிபதி அபராதம் போட்டான். அவர் விடவில்லை. பாரிசில் இருந்த உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்தார். பிறகு 1881 செப்டம்பரில் ஒரு ஆணை வந்தது. சாதி வழக்கத்தையும் இந்துச் சட்டத்தையும் துறக்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம். பொன்னுத்தம்பி அப்படித் துறந்து 'லாபோர்த்' என்று பேர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று அர்த்தம்.

"அவரு நம்ம ஆளா?" என்றார் எங்கப்பா.

இல்லை. பேரோடு பிள்ளைப் பட்டம் இருந்த ஆள். ஆனால் அவர் திறந்த கதவு வழியாகச் சேரிக் கிறிஸ்துவர்கள் பலர் உள்ளே நுழைந்தார்கள். பிரெஞ்சுப் பேர் வைத்துக்கொண்டு சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் சைகோன் வரைக்கும் போனார்கள். அதைச் சாதி பொறுத்துக்கொள்ளுமா? 1880இல் நகரசபைகள் வந்தபோது ஓட்டுப்போடுகிறவர்களைப் பட்டியல் போட்டுப் பிரித்தார்கள். 1884இல் சாதி வழக்கத்தைத் துறந்தவர்களுக்கென்று தனியாக இன்னொரு பட்டியல். சமத்துவம் பேசியவன் ஆண்ட ஊரிலேயே ஓட்டுக்கும் ஒரு சேரி கட்டினார்கள்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வெள்ளை நகரம், அந்தப் பக்கம் கறுப்பு நகரம் என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்கிறார்கள். கறுப்பு நகரத்துக்குள்ளேயே செட்டித் தெரு, வெள்ளாளத் தெரு, வைசியாள் தெரு. கோயிலும் அப்படித்தான். 1745இல் இங்கே மாதா கோயிலுக்குள் பறையர் கிறிஸ்துவர்களைப் பிரித்துச் சுவர் இருந்ததையும், நம் ஆட்கள் எதிர்த்துக் கேட்டு அதை இடிக்கவைத்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் அதைச் சந்தோஷத்தோடு எழுதவில்லை. நமக்கு அதுவே சாட்சி. பிரெஞ்சுப் புரட்சிக்கு இன்னும் நாற்பத்துநாலு வருஷம் இருந்தது. சமத்துவத்தை நமக்கு எந்தக் கப்பலும் கொண்டுவந்து இறக்கவில்லை. பாபாசாகேப் அம்பேத்கரும் 1954இல் வானொலியில் இதைத்தான் சொன்னார்: அந்த மூன்று வார்த்தைகளை நான் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்று.

எங்கப்பா கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இப்ப இங்க மீட்டிங் நடக்குதா?"

அதையும் சொன்னேன். பாண்டிச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கடுத்த தேர்தல் 2006இல். நடுவில் முப்பத்தெட்டு வருஷம். கட்டடம் இருந்தது, மன்றம் இல்லை. கட்டடம் விழுந்தால் பதினைந்து கோடி வருகிறது. மன்றம் விழுந்து கிடந்தால் தூக்கி நிறுத்த ஆள் இல்லை. மன்றம் இருந்தால்தானே தனித்தொகுதியில் நம் ஆள் ஒருத்தர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார முடியும்?

எங்கப்பா கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டு சாத்தியிருந்த அந்தக் கதவுக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டுதரம் நடந்தார். வேலைக்குப் போகிறவர்போல இல்லை, வீட்டுக்கு இடம் பார்க்கிறவர்போல.

"நல்லாத்தான் கட்டிக்கீறானுங்க. சாக்கடை எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்தியா?" என்றார்.

நான் பார்க்கவில்லை. அவர் பார்த்துவிட்டிருந்தார்.

ராத்திரி பத்து மணிக்கு ஊர் திரும்பினோம். ஆசிரமத்துக்கு எதிரில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது ஒரு வெள்ளைக்காரப் பெண் வெறுங்காலோடு மலை சுற்றக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்கப்பா அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். பிறகு செருப்பு சப்தம் கேட்க, ரோட்டின் நடுவில் நடந்து வீட்டுக்கு வந்தார்.