பழைய ஆலைக்குப் புதிய வாழ்வு

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, பொத்துவிலைக் கடந்து வடக்கே திரும்பியபின் கோமாரியை ஊடறுத்துப் போகிறது. கிழக்கே கடல், மறுபுறம் களப்பும் வயலும் காடும். மீனும் நெல்லுமே இவ்வூரின் செல்வம். ஆலையின் புகைபோக்கி ஒன்றையேனும் இங்கே காண்பதற்கில்லை. அவ்வாறிருக்க, பழைய தொழிற்சாலைகளைப் பேணுவது பற்றிய பேச்சைக் கோமாரியில் தொடங்குவானேன் என்று வாசகர் வினவலாம். காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பொங்கியெழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்து ஊர்களைச் சூறையாடியது. கோமாரியும் அதற்குத் தப்பவில்லை. ஒரு கட்டடம் மறைந்தால் அதனோடு எத்துணை நினைவுகள் மறைந்துபோகும் என்பதை இம்மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடல் கொண்டது போக எஞ்சியவற்றை நம் கையாலேயே இடித்துத் தள்ளலாமா என்பதுதான் நாம் கேட்க விரும்பும் கேள்வி.

கோமாரியிலிருந்து வடக்கே திருக்கோவிலைத் தாண்டி அக்கரைப்பற்றை அடைந்து, அங்கிருந்து மேற்கே உள்நாட்டை நோக்கித் திரும்பினோமாயின், கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல்வெளி விரிகிறது. 1949இல் அமைக்கப்பெற்ற கல்லோயா அபிவிருத்திச் சபை, இங்கினியாகலையில் அணை கட்டி ஆற்றைத் தேக்கியது. அந்நீரை நம்பிக் கரும்பு நடப்பட்டது. அக்கரும்பை நம்பி 1960இல் ஹிங்குராணையில் சீனித் தொழிற்சாலை எழுந்தது.

கரும்பாலைக்கும் வயலுக்கும் உள்ள உறவு உடலுக்கும் உயிருக்கும் உள்ளதைப் போன்றது. வெட்டிய கரும்பைக் காலந்தாழ்த்தாது பிழிய வேண்டும்; தாமதித்தால் அதன் இனிப்புக் குன்றிவிடும். பிழிந்தெடுத்த சக்கையே கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. சீனி பிரிந்தபின் எஞ்சும் பாகும் வடிசாலைக்குப் பயன்படுகிறது. எதுவும் வீண்போவதில்லை. ஆனால் ஆலை நின்றுவிட்டாலோ, விளைந்த கரும்பு விறகுக்கும் உதவாது. 1997இல் ஹிங்குராணை ஆலை மூடப்பட்டபோது நேர்ந்தது அதுவே. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உறங்கிக் கிடந்த பின்னர், அரசும் தனியாரும் கூட்டுச் சேர்ந்து, 2012இல் அதனை மீண்டும் இயங்கச் செய்தனர். பழைய ஆலைக்குப் பழைய தொழிலே திரும்பக் கிடைத்தது. இது பெரும்பேறு எனலாம்.

எல்லா ஆலைக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. தொழில் மீளாத இடத்தில் கட்டடத்தை என்செய்வது? இவ்வினாவுக்கு நமது மலைநாடு இரண்டு விடைகளைத் தந்திருக்கிறது.

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1970களில் தன் வேலையை நிறுத்திக்கொண்டது. 1996இல் அது ஓர் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிகள் கொழுந்தை வாட்டுவதற்கென்றே கட்டப்பட்டவை. நீண்டு அகன்று, வரிசை வரிசையாகச் சாளரங்கள் கொண்டவை. கொழுந்துக்குக் காற்று வேண்டியிருந்த அவ்விடமே விருந்தினர் துயிலும் அறைகளாயிற்று. பழைய இயந்திரங்கள் சிலவற்றையும் அகற்றாது அங்கேயே விட்டு வைத்தனர். வெளித்தோற்றத்தில் அது இன்னமும் தேயிலைத் தொழிற்சாலையே.

கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையில் 1925இல் கட்டப்பெற்ற நான்கு மாடித் தொழிற்சாலையோ, கைவிடப்பட்டுக் கிடந்து, 2001இல் தேயிலை நூதனசாலையாக மறுபிறவி எடுத்தது. கொழுந்தை உருட்டிய பொறிகளும், அவற்றை இயக்கிய எந்திரங்களும் அங்கே வரிசையாய் நிற்கின்றன. 1867இல் லூல்கந்துரையில் தேயிலைச் செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களையும் காணலாம்.

பிறநாட்டாரும் இவ்வழியே சென்றுள்ளனர். லண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்கரையில் 1981இல் மூடப்பட்ட மின்நிலையம் ஒன்று, 2000ஆம் ஆண்டில் ஓவியக் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. சுழலிகள் முழங்கிய பெருமண்டபத்தில் இன்று மக்கள் கலைப்படைப்புகளைக் கண்டு மகிழ்கின்றனர்.

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஒன்று புலனாகிறது. ஓர் ஆலை மூன்று பொருள்களால் ஆனது: சுவர், பொறி, கை. விடுதி சுவரைக் காத்தது. நூதனசாலை பொறியைக் காத்தது. ஹிங்குராணை கைக்கு வேலை தந்தது. கொழுந்து பறித்த பெண்களும், இரவெல்லாம் கண்விழித்து உலர்த்தும் அடுப்பைக் காத்த தொழிலாளரும் அறிந்திருந்த நுட்பம் எந்தச் சுவரிலும் எழுதப்பட்டதன்று. அதனைப் பேணாது கட்டடத்தை மட்டும் வெள்ளையடித்து வைத்தால், அது ஆளில்லாத வீட்டில் விளக்கேற்றியதற்கு ஒப்பாகும்.

நம் கிழக்கு மாகாணத்திலேயே வாழைச்சேனைக் காகித ஆலை இருக்கிறது. 1950களில் நிறுவப்பட்ட அவ்வாலை, அறுவடைக்குப்பின் வயலில் எரிந்துபோகும் வைக்கோலைக் காகிதமாக்கியது. உழவனின் கழிவு மாணவனின் ஏடானது! பின்னர் போராலும் பிற இடர்களாலும் அது நலிவுற்றது. அத்தகைய ஆலையின் எதிர்காலம் பற்றி முடிவு செய்வோர், நிலத்தின் விலையை மட்டும் கணக்கிட்டால் போதாது. அங்கே மீண்டும் காகிதம் செய்ய இயலுமா, இயலாவிடின் தொழிற்பயிற்சிக் கூடமோ நூதனசாலையோ அமைக்கலாமா, அதனால் அயலூரார் எத்தனை பேர் பிழைப்பர் என்பவற்றையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

பேராலைகள் நிற்க, சிறியனவும் உள. இக்கரையோரத்தில் நெல்லைப் புழுக்கி, உலர்த்தி, குற்றித் தந்த பழைய நெல் ஆலைகளை எண்ணிப் பாருங்கள். கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் முஸ்லிம் மக்கள் போற்றி வளர்த்த கைத்தறி நெசவை எண்ணிப் பாருங்கள். பாவு ஓடுதலும் நாடா எறிதலும் கண்டு பழகிய முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். பழைய தறிக்கூடம் ஒன்றைச் சிறுவர் நெசவு பயிலும் இடமாக்குவதற்கு உல்லாச விடுதிக்குரிய பெருமுதல் வேண்டியதில்லை. ஊராரின் மனமிருந்தால் போதும்.

இதில் மாணவர் ஆற்றக்கூடிய பணி ஒன்றுண்டு. விடுமுறை நாளில் உங்கள் ஊரின் பழைய ஆலைக்குச் செல்லுங்கள். அங்கே உழைத்த முதியவர் ஒருவரிடம், எந்தப் பொறி எதற்கு, அதனை எப்பெயரால் அழைத்தனர், பழுதுபட்டால் எவ்வாறு திருத்தினர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கட்டடத்தைக் காக்கும் அதிகாரம் உங்களுக்கு இன்று இல்லாதிருக்கலாம். அந்தச் சொற்களைக் காப்பதற்கோ எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சுவரைப் பின்னொரு நாள் செப்பனிடலாம். முதியவரின் நினைவு காத்திராது.