தட்டுகளுக்கு நடுவே

பிரெஞ்சு விருந்தும் ஒருகாலத்தில் நம் வாழையிலை மாதிரிதான். பல பதார்த்தங்கள் ஒரே நேரத்தில் மேஜையை நிறைக்கும். ஒவ்வொன்றாகப் பரிமாறும் முறை 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பழக்கமாக அங்கே நுழைந்தது. பிறந்தநாள் போன்ற நாட்களில் கூடி உண்ணும் அவர்கள் வழக்கத்தை 2010இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது.

நண்பனின் 35வது பிறந்தநாளுக்குப் பாரிஸில் அப்படியொரு உயர்தர உணவகத்தில் உட்கார்ந்தோம். ஏழு தட்டு, மூன்று மணி நேரம். "இப்படிக் கொண்டுவந்தா எப்படா பசி அடங்கும்?" என்றேன். சிரித்தான்.

வாத்துக் கறித் தட்டை எடுத்துப் போய்விட்டார்கள். சீஸ் இன்னும் வரவில்லை. கைக்கு வேலையில்லை, வாய்க்கும் இல்லை.

"அப்பா காரியத்துக்குக்கூட நான் ஊருக்குப் போகலடா."

இரண்டு வருடமாக வாட்ஸப்பில் அவன் தொடாத பேச்சு. இலைச் சாப்பாடாக இருந்திருந்தால் அதற்குள் கை கழுவியிருப்போம்.

சீஸோடு வந்த பணியாளர் எங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.