களவும் மறைவும்



பிறர் அறியாமல் ஒன்றைச் செய்வதை ஆங்கிலத்தில் 'ஸ்டெல்த்' என்பர். ராடாருக்கு எளிதில் சிக்காத போர் விமானத்துக்கும் இப்பெயரே வழங்குகிறது. திருடுதலைக் குறிக்கும் 'ஸ்டீல்' என்னும் வினையின் உறவுச்சொல் இது. முற்காலத்தில் திருட்டையே குறித்தது. தமிழிலும் அவ்வாறே. திருட்டும் களவு, ஊரறியாக் காதலும் தொல்காப்பியத்தில் களவு.

அப்படியாயின் மறைத்துச் செய்வதெல்லாம் குற்றமா? அதே தமிழில் 'மறை' என்பது மறைத்தலையும் குறிக்கும், வேதத்தையும் குறிக்கும். குர்ஆனை நாம் திருமறை என்றே அழைக்கிறோம். அத்திருமறை, மனிதர்களுக்கு மறைந்து தீய ஆலோசனை செய்வோர் அல்லாஹ்விடமிருந்து மறைய இயலாது என எச்சரிக்கிறது (4:108). தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பது நன்று, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் நன்று என்றும் போதிக்கிறது (2:271). தன் குற்றத்தைக் காக்க மறைப்பது வேறு. பிறர் மானத்தைக் காக்க மறைப்பது வேறு.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் ஆடி மாத மொய் விருந்து பெயர்பெற்றது. யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் பதிவாகும். திருப்பிச் செய்ய வேண்டிய பணமாதலால் அங்கே வெளிப்படை தேவை. ஸதகா அத்தகையதன்று. பெற்றவர் நமக்குத் திருப்பித் தர வேண்டியது எதுவுமில்லை, நன்றிகூட.

2018 நவம்பரில் கஜா புயல் நம் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நேற்றுவரை கொடுத்த கைகள் நிவாரணத்துக்கு நீண்டன. அரிசிப் பையுடன் தலைகுனிந்து நின்றவர்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் வலம்வந்ததைக் கண்டோம். படமெடுத்தோரின் எண்ணம் தீயதன்று. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே. ஆயினும் கணக்குக்குத் தொகையும் குடும்பங்களின் எண்ணிக்கையும் ரசீதும் போதும், முகம் வேண்டியதில்லை. பட்டப்பகலில், பலர் முன்னிலையில் எடுத்தாலும் அப்படம் ஏழையின் மானத்தைக் களவாடிவிடுகிறது.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு தர்மம் செய்தவருக்கு மறுமையில் அல்லாஹ்வின் நிழல் உண்டு என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நபிமொழி. வரும் ரமலானில் நம் ஜமாஅத்துகள் கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் எழுதட்டும். பொருளை இரவில் வீடு தேடிச் சேர்க்கட்டும்.

அல்லாஹ் நம் மறைவையும் வெளிப்படையையும் சீராக்குவானாக. ஆமீன்.