ஆமாம் போடுகிறவர்

கோயம்புத்தூர்ச் சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் புறப்பட்டுத் திருச்சிச் சாலையில் சூலூரையும் பல்லடத்தையும் கடந்து காங்கயம் போய்ச் சேருவதற்குள், பூமி தன் நிறத்தையும் குணத்தையும் மாற்றிக்கொண்டுவிடுகிறது. விசைத்தறிகளின் ஓயாத சத்தம் பல்லடத்தோடு பின்தங்கிவிட, அதற்கப்பால் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளும், அவற்றில் ஒற்றை ஒற்றையாக நின்று கொஞ்சம் போல நிழல் தரும் வெள்வேல மரங்களும், கொழுக்கட்டைப் புல்லிலிருந்து தலை நிமிராமல் மேயும் மயிலைப் பசுக்களும் நம்மோடு வருகின்றன. காங்கயத்தை நெருங்க நெருங்க, தேங்காய்க் களங்களில் காயும் பருப்பின் எண்ணெய் வாசனை ஜன்னல் வழியே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மாட்டுக்காகவும் எண்ணெய்க்காகவும் இந்த ஊருக்கு வருகிறவர்கள் அநேகர். நான் ஒரு குரலைத் தேடிக்கொண்டு போனேன்.

முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர் அண்ணன்மார் கோயில் திடலில், பாட்டியின் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, தூங்கிவிடக் கூடாது என்ற வைராக்கியத்தோடு தூங்கிப்போய், நடுச்சாமத்தில் ஏதோ ஒரு உடுக்கையின் குமுறலில் திடுக்கிட்டு விழித்தபோது, பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெளிச்சத்தில் ஒரு மனிதர் நின்று பாடிக்கொண்டிருந்தார். என் வயசுப் பிள்ளைகளுக்குச் சினிமாப் பாடகர்கள் நாயகர்களாக இருந்தார்கள். சற்று வளர்ந்து சபாக்களுக்குப் போகத் தொடங்கியவர்கள் சங்கீத வித்வான்களைக் கொண்டாடினார்கள். எனக்கோ அந்த இரவுக்குப் பிறகு சங்கீதம் என்ற சொல்லைக் கேட்டாலே, தோளில் துண்டும் கையில் உடுக்கையுமாக அந்த மனிதர்தான் கண்முன் வந்து நின்றார். அவர் இன்னும் இருக்கிறார், காங்கயத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆகவே பெரியவர் என்றே சொல்கிறேன்.

கொங்கு நாட்டுக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. அண்ணன்மார் கதை என்பது பொன்னி வளநாட்டில் குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரைக்கும் பிறந்த பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் கதை. அவர்களுடைய தங்கை தங்காளின் கதை என்றும் சொல்லலாம், அப்படிச் சொல்வதுதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம். தலையூர்க் காளியோடு வந்த பகையும், வேட்டுவரோடு நடந்த போரும், கொம்பன் என்ற காட்டுப் பன்றியும், சாம்புவன் என்ற ஊழியனின் விசுவாசமும், கடைசியில் இரண்டு சகோதரர்களும் மாண்டு விழுகிற படுகளமும் இதில் உண்டு. மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் மாசி மாதத்தில் இவர்களுக்குப் பெருந்திருவிழா நடக்கிறது. கவிஞர் சக்திக்கனல் இதைப் பதிப்பித்துப் புத்தகமாக்கினார். கலைஞர் கருணாநிதி நாவலாக எழுதினார். அந்த நாவல் 2011இல் சினிமாவாகவும் வந்தது. ஆனால் இந்தப் பக்கத்துச் சனங்கள் புத்தகத்திலோ திரையிலோ இதைக் கற்றுக்கொண்டவர்கள் அல்லர். இரவு இரவாக, உடுக்கையடிக்குக் காது கொடுத்துக் கற்றவர்கள்.

ஓட்டு வீட்டுத் திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் மனத்தில் வைத்திருந்த ஆகிருதியில் பாதிகூட இல்லை. சிறுவனின் கண் எல்லாரையும் உயரமாக்கிவிடுகிறது. நான் கும்பிட்டு, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற விசாரணைகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடிப்பதற்குள், உள்ளிருந்து ஆத்தா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“மொதல்ல தண்ணி குடியுங்க தம்பி. வெயில்ல வந்திருக்கறீங்க. கதை எங்கீங்க போகப் போகுது?” என்றார் பெரியவர்.

நான் போன வேளை நல்ல வேளை. உடுக்கைக்குப் புதுத் தோல் போட்டுக்கொண்டிருந்தார். பித்தளை உடல், நடுவில் ஒடுங்கி இரு புறமும் விரிந்த அந்த வடிவத்தில், ஒடுங்கிய இடத்தை அவர் ‘இடுப்பு’ என்றே சொன்னார். முகங்களில் நாம் நினைப்பதுபோல் பதனிட்ட தடித்த தோல் கிடையாது. ஆட்டின் இரைப்பையிலிருந்து எடுத்த சவ்வு, வெங்காயச் சருகைப்போல் அவ்வளவு மெல்லியது. அதை ஈரத்தோடு வளையத்தின்மேல் விரித்து, விளிம்பைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, நிழலில் காயவைத்திருந்தார். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். காற்றே படாமல் வைத்தால் நாறிவிடும். காய்ந்திருந்த ஒரு வளையத்தை எடுத்து எனக்கு எதிரே வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வழியே அவருடைய முகம் மங்கலாகத் தெரிந்தது. சவ்வில் ஓரிடத்தில் ஓடிய மெல்லிய நரம்பு ஒன்றை நகத்தால் தொட்டுக் காட்டி, அது நடுவில் வந்துவிடக் கூடாது என்றும், வந்தால் அடி விழுகிற இடத்தில் நாதம் இரண்டாகப் பிளந்துவிடும் என்றும் சொன்னார்.

இரண்டு வளையங்களையும் உடலின் இரு வாயிலும் பொருத்தி, கயிற்றால் மாறி மாறிக் கோத்து இழுத்து, எல்லாக் கயிறுகளையும் சேர்த்து இடுப்பில் ஒரு துணிப் பட்டையால் கட்டினார். ஒரு முகத்தின் குறுக்கே நூலிழை ஒன்று ஓடுகிறது. உடுக்கைக்கே உரிய அந்த அதிர்வு அதனால் வருவது. வித்தை முழுவதும் இடக்கையில் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. வலக்கை விரல்கள் ஒரு முகத்தில் தட்டுகின்றன, அவ்வளவே. இடுப்புப் பட்டையைப் பற்றியிருக்கும் இடக்கைதான் அதை இறுக்கியும் தளர்த்தியும் ஒரே சவ்விலிருந்து உறுமலையும் விம்மலையும் கூவலையும் வரவழைக்கிறது. அவருடைய இடக்கைக் கட்டைவிரலடியில் தசை தடித்துக் கல்லைப்போல் இருந்தது.

“அந்தக் காலத்துல மார்கழிப் பனியில சவ்வு தொஞ்சுபோயிருமுங்க. பெட்ரோமாக்ஸ் வெளக்குக்கிட்டப் போயி ரண்டு சுத்துச் சுத்திக் காட்டுனா மறுபடி முறுக்கிக்கும். சனங்க அதை ஆட்டம்னு நெனச்சுக்குவாங்க” என்று சொல்லிச் சிரித்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விளக்கைச் சுற்றி அவர் ஆடிய அந்த ஆட்டத்தைப் பற்றிக் கல்லூரி நாட்களில் ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். அதில் அக்கினி வழிபாடு, ஆதி மனிதன் என்றெல்லாம் வியாக்கியானம் செய்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இப்போது குழல் விளக்குகள் வந்துவிட்டன. வெளிச்சம் அதிகம், சூடு இல்லை. நடு இரவில் சவ்வு தொய்ந்தால் அடுப்பைத் தேடிப் போக வேண்டியிருக்கிறதாம்.

நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஐயா, கொம்பன் பன்றி வேட்டையைக் கொஞ்சம் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை, சிரத்தையோடு சொல்லத் தொடங்கினார். பன்னி வந்தது, பயிரை அழித்தது, சின்னண்ணன் சங்கர் வேட்டைக்குப் போனார், பொன்னாச்சி நாய் கடித்தது, பன்னி செத்தது. இதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பாட்டியின் மடியில் நான் பயந்து ஒடுங்கிய அந்த இரவு முழுவதும் நடந்த வேட்டை, என் நோட்டில் ஐந்தே வரியில் அடங்கிப்போயிற்று. அவருக்கும் அது திருப்தியாயில்லை.

“வெறும் வாயில சொன்னா என்ற கதை எனக்கே சலிப்பா இருக்குதுங்க தம்பி. எங்க மூச்சு வாங்கறதுன்னே தெரிய மாட்டேங்குது.”

இந்த இடத்தில் எனக்குப் பிரெண்டா பெக் என்ற அம்மையாரின் ஞாபகம் வந்தது. கனடா தேசத்து மானிடவியல் அறிஞரான அவர், இதே காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் வந்து குடியிருந்து, 1965இல் இந்தக் கதையை உடுக்கைப் பாடகர் ராமசாமியும் அவரோடு பழனிசாமியும் பாடப் பாட ஒலிநாடாவில் பிடித்தார். அதோடு நில்லாமல், அதே ராமசாமி உடுக்கையில்லாமல் சொல்லி எழுதுவித்த பாடத்தையும் வாங்கி, பாடியதையும் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே மனிதர், ஒரே கதை; ஆனால் இரண்டும் ஒன்றாக இல்லை. இந்த ஆராய்ச்சி 1982இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. பாடிய பாடம் முழுவதும் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. அந்த ஆராய்ச்சி நூலை முன்பு படித்தபோது, இதற்கு இவ்வளவு பிரயாசை எதற்கு என்று நினைத்ததுண்டு. திண்ணையில் என் ஐந்து வரியைப் பார்த்தபோது அந்த எண்ணம் போய்விட்டது.

“அப்படியானால் பாடியே காட்டுங்கள் ஐயா” என்றேன். அவர் உடுக்கையை எடுத்தார்; இரண்டு தட்டுத் தட்டினார்; பிறகு மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். பின்பாட்டுக்காரர் போன வருஷம் காலமாகிவிட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பட்டணத்தில் ‘ஆமாம் போடுகிறவன்’ என்றால் அது வசவு. உடுக்கைப் பாட்டில் அது ஓர் உத்தியோகம். முன்பாட்டுக்காரர் ஒரு வரியைப் பாடி நிறுத்தும்போது, அதன் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடுகிறவரும், வசனம் சொல்லும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஆமா’ போடுகிறவரும் பின்பாட்டுக்காரரே. அந்த ஒரு ‘ஆமா’வின் அவகாசத்தில் முன்பாட்டுக்காரர் மூச்சு வாங்குகிறார், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருகிறார், உடுக்கையின் பட்டையைச் சரிசெய்கிறார். கூட்டம் கண் செருகத் தொடங்கினால், பின்பாட்டுக்காரர் ஒன்றுமறியாத அசடர்போல் கேள்வி ஒன்று போடுவார்: பன்னி எவ்வளவு பெருசுங்க? அதற்குப் பதிலாகக் கொம்பனின் கொம்பென்ன, பிடரி மயிரென்ன, அது உழுது போட்ட வயலென்ன என்று கால்மணி நேரத்துக்குப் பாட்டு விரியும். தூங்கின பிள்ளைகள் எழுந்து உட்காருவார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாக இவருக்கு அப்படிக் கேள்வி போட்டவர் ஒருவரே. நானும் அந்த இரவில் அவரைப் பார்த்திருக்கத்தான் வேண்டும். ஒரு சாயலும் ஞாபகமில்லை. நாயகனையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு இது ஒரு தோஷம்.

அப்புறம் சில விஷயங்களைத் தாமாகவே சொன்னார். நகரத்தில் ஒரு கலைவிழாவுக்கு இவர்களை அழைத்து, மேடையில் ஏற்றி, பத்தே நிமிஷத்தில் முழுக் கதையையும் முடித்துத் தரச் சொன்னார்களாம். காப்புப் பாடி முடிவதற்குள் நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டினார்களாம். பின்பாட்டுக்காரர் சைகை காட்டினவரைப் பார்த்துச் சத்தமாக ‘ஆமா’ என்று ஒன்று போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது பெரியவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததைச் சொன்னபோது, மிகவும் சந்தோஷப்பட்டார். கும்மிக்குப் பெண்களும் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாக வந்து பழகுகிறார்கள். உடுக்கைக்கு ஒருவனும் வரவில்லையே என்ற குறை மட்டும் அந்தச் சந்தோஷத்தின் ஓரத்தில் தெரிந்தது. இரவு முழுவதும் விழித்திருக்க யாருக்கு இப்போது சௌகரியம்? விடிந்தால் பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் இருக்கிறது.

பொழுது சாய்ந்து, களத்திலிருந்து ஆடுகள் பட்டிக்குத் திரும்பிய பிறகு, நான் கேளாமலே அவர் உடுக்கையை மறுபடி எடுத்தார். முதல் அடி தயங்கித் தயங்கி வந்தது. குரல் உடைந்து, கரகரத்து, நான் பயணம் முழுவதும் மனத்தில் கேட்டுக்கொண்டு வந்த குரலாக இல்லாமல் இருந்தது. இரண்டாம் அடியின் முடிவில் நிறுத்தினார். பழக்கம் நிறுத்தியது. பதில் சொல்ல வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. எனக்கு அந்த இடம் தெரிந்தும் வாய் வரவில்லை. அப்போது அடுப்படியிலிருந்து, கரண்டிச் சத்தத்தோடு கலந்து, “ஆமா” என்று ஒரு குரல் வந்தது.

ஆத்தா கோயில் திடலில் ஒரு நாளும் பாடினவர் அல்லர். ஆனால் அந்த ‘ஆமா’ இருக்க வேண்டிய ஸ்தானத்தில், இருக்க வேண்டிய அளவில் இருந்தது. பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த அடிக்குப் போய்விட்டார். இடக்கை பட்டையை இறுக்கிற்று. குரலும் அதோடு சேர்ந்து ஏறிற்று. தன்னை அழைக்காமல் வேட்டைக்குப் போய்விட்டார்கள் என்று பொன்னாச்சி கோபித்துக்கொண்டு கிடக்கிற இடம் வந்தபோது உடுக்கை ஒரு குட்டி நாயைப்போல் முனகியது. ஐந்து வரி வேட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. நோட்டில் நான் ஒன்றும் எழுதவில்லை.

கொம்பன் சாய்ந்ததும் நிறுத்திவிட்டார். படுகளத்தையும் கேட்டேன்.

“அதை வூட்டுல பாடறதில்லைங்க தம்பி. செத்தவங்களைத் தங்காள் தண்ணி தெளிச்சு எழுப்போணும். அதுக்குன்னு எடம் இருக்குது, சனம் இருக்குது. மாசியில கோயலுக்கு வாங்க.”

இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, உடுக்கையைப் பழைய வேட்டியில் சுற்றி, ஆணியில் மாட்டினார். ஆத்தா கம்மஞ்சோறும் மோரும் போட்டார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், டார்ச் விளக்கோடு பெரியவரும் தார்ச் சாலை வரைக்கும் கூட வந்தார். புளிய மரத்தடியில் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். பிறகு, வெகு நேரமாக மனத்தில் வைத்திருந்ததைப்போல் கேட்டார்:

“ஏனுங்க தம்பி, அத்தனை நேரம் கதை கேட்டீங்களே, பன்னி எவ்வளவு பெருசுன்னு ஒரு வார்த்தை கேக்கலியே?”

நான் வெட்கத்தோடு கேட்டேன். டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து, அவர் சொல்லத் தொடங்கினார். கொம்பு முடிந்து பிடரிக்கு வந்தபோது பஸ் வந்துவிட்டது.